கொடி பிடித்தவர் எங்கே?



மார்ச்சு மாதம் புனித சூசையப்பருக்கு உரிய மாதம். அவரைப் பற்றி ஏதேனும் எழுதவேண்டும் என்று எழுதுகோலைக் கையில் எடுத்தோம். எடுத்த மாத்திரத்தில் நம் மனக்கண் முன் வந்து நின்றது நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறை அன்று. புகையைக் கக்கிக்கொண்டு மலையேறும் ஒரு ரயில் வண்டி! சூசையப்பருக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வினவலாம். சற்றே பொறுமையுடன் உடன் வாருங்கள். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் சேரவேண்டிய இடத்திற்குச் சேர்ந்துவிடும்.

நமது பங்கு நீலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ளது. கோயிலுக்கு வர இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுசெல்வது வழக்கம். அவ்வாறு செல்லும் வீடுகளுள் ஒன்றில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மலை ரயிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரேக்ஸ்மேனாக உழைத்து ஓய்வு பெற்றவர். கண்ணில் நீர் அழுத்தம் மிகுந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஆயினும் நாம் படியேறும் ஓசை கேட்டவுடனே, “சாமி வந்தாச்சு, மெழுகுதிரி ஏத்தியாச்சா?” என்று வீட்டாரைக் கேட்டுவிடுவார். அந்தச் செவிக்கு அத்தனை கூர்மை.

சென்ற ஆண்டு பிப்ரவரி முதல் வெள்ளியன்று அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். பெங்களூருவில் வேலை பார்க்கும் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். நல்ல பிள்ளை, பலிபீடப் பணியாளனாக வளர்ந்தவன். சம்பாதித்த பணத்தில் விலை உயர்ந்த கேமரா ஒன்று வாங்கியிருந்தான். ஆனால் அன்று அவன் முகம் வாடியிருந்தது. நற்கருணை வழங்கி, செபம் முடித்து, காப்பித் தம்ளரைக் கையில் வாங்கிய பின் காரணத்தை விசாரித்தோம்.

“ரெண்டு மாசமா திட்டம் போட்டது எல்லாம் வீணாப் போச்சு, ஃபாதர்” என்றான். முந்திய நாள் காலையில் கல்லாறுக்கு அப்பால் பாதை வளையும் ஓரிடத்தில், தண்டவாளத்தை ஒட்டி நின்று மலை ரயிலைப் படம் பிடிக்கக் காத்திருந்தானாம். வண்டி வந்ததாம். மரங்களுக்கு மேலே புகை எழுந்து காலை வெயிலில் வெள்ளைவெளேரென்று நின்றதாம். இன்னும் சிறிது வளைந்தால் கடைசியில் இருக்கும் எஞ்சினும் படத்திற்குள் வந்துவிடும் என்று, கண்ணைக் கேமராவை விட்டு எடுக்காமல், ஓர் அடி உள்ளே, மற்றோர் அடி உள்ளே என்று நகர்ந்து பாதைக்கே வந்துவிட்டிருக்கிறான். அது அவனுக்கே தெரியவில்லை. அவ்வளவில் ஊதல் ஒலித்தது, வண்டி நின்றது, ஊழியர்கள் இறங்கி வந்து அவனை வேண்டியமட்டும் கடிந்துகொண்டு அனுப்பிவிட்டார்கள்.

“முன்னாடி நின்ன ஒரு ஆளு சிவப்புக் கொடியைக் காட்டி எல்லாத்தையும் கெடுத்துட்டார், ஃபாதர். அந்த மாதிரி வெளிச்சம் இனி எப்ப கிடைக்குமோ!” என்று அங்கலாய்த்தான்.

கட்டிலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. விரல்கள் மட்டும் செபமாலையின் மணிகளை நிறுத்திவிட்டன.

நிற்க. அந்த வண்டியை அறியாத வாசகர்களுக்கு அதைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிற பாசஞ்சர் வண்டிகளைப் போன்றதன்று அது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் தூரம். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இத்தூரத்தை ஏறிக் கடக்க இதற்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1891-இல் வேலை தொடங்கி, இடையில் முதலெடுத்த கம்பெனி முறிந்து, வேறு கம்பெனி தோன்றி, 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் பாதை திறக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1982-இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள், அதன் இறுதிக் காட்சியில் வரும் கேத்தி ரயில் நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் இப்பாதையில் உள்ளதே.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். பன்னிரண்டு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறியாக வேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் இவ்வளவு ஏற்றத்தைப் பற்றிக்கொண்டு ஏற இயலாது, வழுக்கிவிடும். ஆகையால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் உள்ள இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை மாறி மாறி அமைந்திருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் ஒரு பல்லை விடுமுன் மற்றொரு பல்லைக் கவ்விக்கொள்ளும். இம்முறையைக் கண்டறிந்தவர் ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். இப்பாதையில் நெடுங்காலம் உழைத்த எஞ்சின்களும் அந்நாட்டின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவையே. 2011 முதல் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து இப்பாதைக்கு அளித்திருக்கிறார்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நூதனமானது ஒன்று உண்டு. மலையேறும்போது இந்த வண்டியின் எஞ்சின் முன்னால் இராது; பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒருகால் இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் தனியே பள்ளத்தை நோக்கி ஓடிவிடாதபடி கீழ்ப்பக்கத்தில் எஞ்சின் நின்று தாங்கவேண்டும் என்பதே காரணம். இறங்கும்போதும் அவ்வாறே, எஞ்சின் முன்னே இறங்கிக்கொண்டு, பின்னால் வரும் பாரத்தையெல்லாம் தன் மேல் தாங்கி வரும்.

அப்படியானால் ஏறும் வண்டிக்கு வழி பார்ப்பவர் யார்? எஞ்சின் ஓட்டுநர் கடைசியில் இருக்கிறார். அவர் கண்ணுக்கு எதிரே தெரிவது பெட்டியின் பின்புறம் ஒன்றுதான். பாதையில் கல் உருண்டு கிடந்தாலும், மண் சரிந்திருந்தாலும், யானை நின்றாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். எல்லாருக்கும் முன்னால், முதற்பெட்டியின் முகப்பில் நிற்பவர் கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருக்கும். அவர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்தவர் காட்ட, அவரைப் பார்த்து அதற்கு அடுத்தவர் காட்ட, அச்செய்தி ஓட்டுநரை அடைகிறது. ஓட்டுநர் ஊதல் மூலம் விடை சொல்கிறார். அந்த ஊதலைக் கேட்டு இவர்கள் பிரேக்கை இறுக்குகிறார்கள், தளர்த்துகிறார்கள். நம் பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்த வேலை இதுதான்.

இனி அந்த வீட்டிற்குத் திரும்புவோம்.

சற்று நேரம் மௌனமாக இருந்த பெரியவர் பேரனை அருகில் அழைத்தார். “நேத்து எடுத்த படத்தில எல்லாம் என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு. எனக்குத்தான் தெரியாதே” என்றார்.

அவன் கேமராவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லலானான். காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் எடுத்த படங்களும், அதற்கு முந்திய விடுமுறைகளில் எடுத்த படங்களும் சேர்ந்து இருநூறுக்குக் குறையா. எஞ்சின், புகை, சக்கரம், பாலம், காடு, சன்னலில் கையசைக்கும் குழந்தைகள் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

“முன்னால கொடி பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் எங்கே?” என்று கேட்டார் பெரியவர்.

பேரன் தேடினான். முதலிலிருந்து மறுபடியும் தேடினான். இருநூறு படங்களில் ஒன்றிலும் அவர் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் காக்கிச் சட்டை அணிந்த ஒரு முழங்கையும், பச்சைத் துணியின் ஒரு நுனியும் மட்டும் விழுந்திருந்தன.

“டிரைவருக்குப் பாதை தெரியாதுப்பா. அவர் கையில பலம் இருக்கு. கண்ணு எங்ககிட்ட இருக்கு. எங்ககிட்ட பலம் இல்லே. ஒரு முழம் துணிதான். உன் படத்தைக் கெடுத்தவன் அவன்தான், சரி. நீ இன்னைக்கு என் பக்கத்தில உட்கார்ந்து காப்பி குடிக்கிறதும் அவனாலேதான். அவன் பேரு தெரியுமா உனக்கு? முகமாவது ஞாபகம் இருக்கா?”

பேரன் தலை குனிந்தான். பெரியவர் கடிந்துகொள்ளும் குரலில் பேசவில்லை, வருத்தத்துடன்தான் கேட்டார். எனினும் அந்தக் கேள்வி அவனை விட்டு நேரே நம்மிடம் வந்து நின்றது. நான்கு ஆண்டுகளாக முதல் வெள்ளிதோறும் அவ்வீட்டுப் படியேறி இறங்கியிருக்கிறோம். “பாதம் வலி எப்படி இருக்கிறது? மருந்து சாப்பிட்டீர்களா?” என்று கேட்டதுண்டு. நீங்கள் ரயிலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டாரும், “தாத்தா ரயில்வேயில் இருந்தார்” என்பதற்கு மேல் அறிந்திருக்கவில்லை. ஒரே கூரையின் கீழே ஒரு மனிதர் தம் வாழ்நாளையெல்லாம் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, அவிழ்க்கச் சொல்லிக் கேட்பாரின்றி அமர்ந்திருந்தார்.

அன்று அவிழ்த்தார். மழைக்காலத்து மூடுபனியில் அடுத்த பெட்டிக்காரனின் கொடியே தெரியாமல் போன நாட்கள், குகைக்குள் புகுந்ததும் கண்ணை எரிக்கும் புகை, ஏறுவதைவிட இறங்குவதில் உள்ள பயம், இறங்கி முடித்த இரவில் சோற்றைப் பிசைய மறுக்கும் விரல்கள் என்று பேசிக்கொண்டே போனார். அடுத்த வீட்டு நோயாளிக்கு நேரமாகிறதே என்ற எண்ணத்துடனேயே நாம் எழுந்தோம். பேரன் எழவில்லை. அப்பெரியவரின் காலடியில் தரையிலேயே அமர்ந்திருந்தான்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்து ஒரு திங்கட்கிழமை அவன் மறுபடியும் வந்தான். கோடைக்காலத்தில் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ முன்கூட்டியே மூன்று இடம் பதிவு செய்திருந்தான். தாத்தாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, நமக்கு ஒன்று. காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னே வண்டி புறப்பட்டது. பெரியவர் சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்ப்பவர் போல முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். கல்லாறு வந்தது. வண்டி தயங்கிற்று, சக்கரத்தின் ஓசை மாறிற்று. “இப்பப் பல்லைக் கடிச்சிருச்சு” என்றார். அதன்பின் வந்த ஒவ்வொரு ஊதலுக்கும் அவருடைய வலது கை, மடியிலிருந்த துண்டை ஒரு முறை இறுக்கித் தளர்த்தியது. அதை அவரே அறிந்திருப்பாரோ என்னவோ!

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க வண்டி நிற்கும். பிரயாணிகள் இறங்கித் தேநீர் அருந்துவார்கள்; கையில் தின்பண்டம் வைத்திருப்பவர்களைக் குரங்குகள் சோதனை போடும். இறங்கியவர்கள் எல்லாரும் கேமராவையும் கைபேசியையும் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற எஞ்சினை நோக்கி விரைந்தார்கள். பேரன் தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தான். நாமும் நடந்தோம். முதற்பெட்டியின் முகப்பில் இளம் வயதினரான பிரேக்ஸ்மேன் ஒருவர் நின்றிருந்தார். விவரம் சொன்னதும் அவர் இறங்கி வந்து பெரியவரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, தம் பச்சைக் கொடியைச் சுருட்டியபடியே அக்கைகளில் கொடுத்தார். பெரியவர் துணியை விரல்களால் தடவிப் பார்த்து, “துணி இப்பக் கொஞ்சம் நல்லாக் குடுக்கிறாங்க” என்றார். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின்போது பேரன் படம் எடுத்தான்.

நடைமேடையில், யாருக்கும் ஆபத்தின்றி, யாருடைய வேலைக்கும் இடையூறின்றி எடுத்த படம் அது. ரயில் பாதையில் அனுமதியின்றி நடப்பது சட்டப்படிக் குற்றம் என்பதையும், கைபேசியில் படம் எடுக்கப் போய்த் தண்டவாளத்தில் உயிரிழந்த இளைஞர்களைப் பற்றி அவ்வப்போது செய்தித்தாளில் படிக்கிறோம் என்பதையும் நம் இளைஞர்களுக்கு இங்கே நினைவூட்டுகிறோம். உங்களைப் பெற்றவர்களுக்கு எந்தப் படமும் உங்களுக்கு ஈடாகாது.

அன்புள்ளவர்களே, அந்த வண்டியைப் போன்றதே குடும்பமும். பாரத்தைத் தள்ளும் பலம் ஒருவரிடம் இருக்கிறது. பாதையைப் பார்த்த கண் மற்றொருவரிடம் இருக்கிறது. சம்பாதிக்கும் பிள்ளைகள் எஞ்சின் போன்றவர்கள். அவர்களால்தான் வண்டி நகர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்க்கை ஏற்றத்தில் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்பதை, அவ்வழியே முன்னே சென்ற தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் கண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் அதிகாரம் ஏதுமில்லை. ஒரு வார்த்தை, ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு. அவர்களிடம் உள்ள ஒரு முழத் துணி அவ்வளவே. கொடியை மதித்து நிற்பதில் எஞ்சினுக்கு இழிவு ஒன்றும் இல்லை. மதியாமல் தள்ளினால், பலம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குச் சேதமும் மிகுதியாகும்.

பெரியோர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கொடிக்காரர் கையில் இருப்பவை இரண்டு கொடிகள். பிள்ளைகள் எதைத் தொடங்கினாலும் சிவப்பையே காட்டிக்கொண்டிருந்தால் வண்டி ஒருநாளும் உதகை போய்ச் சேராது. வழி சீராக இருக்கையில் பச்சையைக் காட்டிப் பழகியிருந்தால்தான், காட்டவேண்டிய நாளில் காட்டும் சிவப்புக்கு மதிப்பு இருக்கும்.

இப்போது சூசையப்பரிடம் வருகிறோம். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. ஆயினும் ஏரோதின் வாள் வருவதைக் கனவில் அறிவிக்கப்பெற்று, இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் எகிப்துக்கு அழைத்துச் சென்று காத்தவர் அவரே. ஆபத்து நீங்கியபின் திரும்பி வர வழி நடத்தியவரும், யூதேயாவில் அச்சம் உண்டு என்று கண்டு கலிலேயாவுக்குத் திரும்பியவரும் அவரே. உலகைத் தாங்கும் வல்லமை அவர் வீட்டில் குழந்தையாக இருந்தது. வழி பார்த்துக் கொடி காட்டும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அப்படிப்பட்டவரின் பெயர் திருப்பலியின் நன்றி மன்றாட்டில் இடம்பெற 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அதைச் சேர்த்தார். மற்ற நன்றி மன்றாட்டுகளில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2013-இல். திருச்சபை என்னும் நம் பெரிய குடும்பமும், கொடி பிடித்தவரைத் தன் படத்தில் சேர்க்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டது! அவர் அதற்காக முறையிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

இம்மாதம் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் படங்களை, ஆல்பத்தில் இருந்தாலும் கைபேசியில் இருந்தாலும், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் அதிகம் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். யார் இல்லை என்று தேடுங்கள். அடுக்களையில் நின்றுவிட்ட அம்மாவாக இருக்கலாம். ‘நான் எதுக்கு’ என்று ஒதுங்கிய பாட்டியாக இருக்கலாம். அவரை ஒரு படம் எடுங்கள். எடுக்குமுன் அவர் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து, அவர் வாழ்நாளில் என்ன வேலை செய்தார், எதற்கு அஞ்சினார், யாரைக் காத்தார் என்று கேளுங்கள். கேமரா அதற்குப் பிறகு போதும்.

ஹில்குரோவில் எடுத்த அந்தப் படம் இப்போது அவ்வீட்டின் திரு இருதயப் படத்திற்குக் கீழே மாட்டப்பட்டிருக்கிறது. கொடியைப் பிடித்தபடி பெரியவர் சிரிக்கிறார். அருகில் அந்த இளம் பிரேக்ஸ்மேன். தொலைவில் எஞ்சின் சற்று மங்கலாகத் தெரிகிறது. “எஞ்சின் தெளிவா விழலை, ஃபாதர்” என்று பேரன் சொன்னான். ஆனால் அதற்காக அவன் வருந்தியதாகத் தெரியவில்லை.

பெரியவரால் அப்படத்தைக் காண இயலாது. எனினும் முதல் வெள்ளிதோறும் நற்கருணை வாங்கி நன்றி செபம் முடிந்ததும், “கொடி நல்லாத் தெரியுதா, சாமி?” என்று நம்மைக் கேட்கிறார். தெரிகிறது என்று சொல்கிறோம். “பச்சைதானே?” என்கிறார். பச்சைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்குப் புறப்படுகிறோம்.

புனித சூசையப்பர் உங்கள் இல்லங்களைக் காத்து நடத்துவாராக.